பழைய டேப்பை உடனே டிரைவில் சொருகாதீர்கள்

சன் கம்பெனியின் பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரோடு வந்த பேக்கப் டேப் ஒன்று கையில் கிடைத்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, டிரைவில் சொருகி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்பதுதான். சொருகாதீர்கள். முப்பது வருஷம் பீரோவில் கிடந்த டேப் இன்னும் ஒரு மாதம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் சொருகிய அரை நிமிடத்தில் அதன் கதையை முடித்துவிட முடியும்.

தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு டிசைன் ஆபீஸில் யூனிக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்தப் பழக்கம் விடாமல் இன்றைக்கும் சன்னின் ஸ்பார்க்ஸ்டேஷன், சிலிக்கான் கிராஃபிக்ஸின் இண்டி என்று சில பெட்டிகளை வீட்டில் ஓட்டிக்கொண்டிருப்பதால், "சார், இதைக் கொஞ்சம் படிச்சுத் தர முடியுமா" என்று டேப்போடு வருகிறவர்கள் உண்டு. ஆராய்ச்சிப் படிப்புக் காலத்தில் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல்கள், மூடிப்போன கம்பெனியின் வரைபடங்கள், இப்படி ஏதாவது இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வருஷத்துக்கு அப்புறம் டேட்டா இருக்குமா?

பெரும்பாலும் இருக்கிறது. டேப்பில் பூசியிருக்கும் காந்தத் துகள்கள் அவ்வளவு லேசில் கெடுவதில்லை. கெட்டுப்போவது ரப்பர். அதற்கு அடுத்தபடியாகக் காணாமல் போவது, அந்த டேப்பை யார், எந்த மெஷினில், எப்படி எழுதினார்கள் என்கிற விவரம். நான் பார்த்தவரை, "டேப் போச்சு" என்று கைவிடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஏதோ ஒன்றால்தான்.

இதற்கு ஒர்க்ஸ்டேஷன் உலகத்துக்கு வெளியே ஒரு நல்ல உதாரணம் உண்டு. நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் 1966, 67இல் அனுப்பிய நிலாப் படங்கள் பெரிய பெரிய டேப்களில் இருந்தன. நாற்பது வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில், மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையை ஆய்வுக்கூடமாக்கி ஒரு சின்னக் குழு அவற்றைப் படித்தது. 2008இல் வெளியான முதல் படத்தில் நிலாவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெளிவாக இருந்தது. அவர்களைப் பாடாய்ப் படுத்தியது டேப்கள் அல்ல, அவற்றைப் படிக்க வேண்டிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்கள்தான். அவற்றைக் கிட்டத்தட்ட மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

நம் கதைக்கு வருவோம். அந்தக் காலத்து ஒர்க்ஸ்டேஷன்களில் அதிகம் புழங்கியது கால் அங்குல கார்ட்ரிட்ஜ், 3எம் 1972இல் கொண்டுவந்தது. அடியில் கனமான அலுமினியத் தகடு, மேலே பிளாஸ்டிக் மூடி. சன்-3 மெஷின்கள் காலத்தில் 60 எம்பி கொள்ளும் டிசி600ஏ, ஸ்பார்க்ஸ்டேஷன் காலத்தில் 150 எம்பி கொள்ளும் டிசி6150. இவ்வளவுதானா என்று சிரிக்க வேண்டாம், 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1க்குள் இருந்த டிஸ்க் ஒன்றின் அளவே 104 எம்பிதான், ஒரு டேப்பில் முழு மெஷினும் அடங்கிவிடும்.

இந்தக் கார்ட்ரிட்ஜ் ஓடுகிற விதம் ரொம்ப சாமர்த்தியமானது, இன்றைய தொல்லைக்கும் அந்தச் சாமர்த்தியம்தான் காரணம். பாட்டு கேசட்டில் சுருளின் நடுவில் அச்சு நுழைந்து சுற்றும். இதில் அப்படி எதுவும் நுழையாது. டிரைவில் இருக்கும் ஒரே ஒரு ரப்பர் ரோலர், கார்ட்ரிட்ஜின் முன்பக்கம் எட்டிப் பார்க்கும் சின்ன ரோலரை உரசிச் சுற்றும். அந்தச் சின்ன ரோலர் உள்ளே இருக்கும் மெல்லிய எலாஸ்டிக் பெல்ட்டை இழுக்கும். பெல்ட் இரண்டு சுருள்களின் வெளிப்பக்கத்தையும் அழுத்திக்கொண்டே ஓடி டேப்பை நகர்த்தும், தொய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும். ஒரே மோட்டார், ஒரே ரோலர். டிரைவ் மலிவாகிவிட்டது, நுணுக்கம் எல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள் போய்விட்டது.

முப்பது வருஷத்தில் அந்தப் பெல்ட்டுக்கு என்ன ஆகும்? சிலவற்றில் சுருங்கும் சக்தியை இழந்து லொடலொடத்துப் போகும். சிலவற்றில் தொட்டதும் அறும். மிக மோசமானது மூன்றாவது வகை: டேப்பின் மேல் சுற்றோடு ஒட்டிக்கொண்டு, ஓட ஆரம்பித்ததும் பழுப்பு நிறப் பூச்சைத் தோலோடு உரித்துக்கொண்டு வரும். உரிந்த இடத்தில் பின்னாலிருக்கும் வெளிச்சம் தெரியும், அதற்கு மேல் அங்கே படிக்க ஒன்றும் இல்லை. முழுதாக ரீவைண்ட் செய்து வைத்த டேப்பில் மேல் சுற்று என்பது டேப்பின் தொடக்கம், யூனிக்ஸின் பேக்கப் கருவியான டம்ப் எழுதியிருந்தால் டைரக்டரி விவரங்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். போதாக்குறைக்கு இந்த டேப்களில் தடங்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்ப் போய் வரும், 150 எம்பி வகையில் மொத்தம் 18 தடம். ஆகவே தொடக்கத்தில் ஒரு விரற்கடை உரிந்தால் அந்தக் காயம் ஒவ்வொரு தடத்திலும் தலைகாட்டும்.

டிரைவின் ரப்பர் ரோலர் இன்னொரு கூத்து. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த டிரைவ்களில், எந்தத் தயாரிப்பாக இருந்தாலும், அந்த ரப்பர் இன்று வெல்லப் பாகு மாதிரி இளகியிருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். அதோடு கார்ட்ரிட்ஜைச் சொருகினால் அந்தப் பிசின் சின்ன ரோலரில் ஏறி, பெல்ட்டில் ஏறி, டேப்புக்குப் போய், கடைசியில் ஹெட் வரைக்கும் போகும். டிரைவும் கெட்டு, டேப்பும் கெட்டு, அடுத்து சொருகுகிற டேப்பும் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் உலோக அச்சின்மேல் சரியான தடிமனில் சிலிகான் குழாய் போட்டுக்கொள்ளலாம், ஷ்ரிங்க் குழாயை அடுக்கடுக்காகப் போட்டுச் சமாளிக்கிறவர்களும் உண்டு. தடிமன் முக்கியம். அது மாறினால் டேப்பின் வேகம் மாறும். கொஞ்சம் வித்தியாசத்தை டிரைவ் பொறுத்துக்கொள்ளும், ரொம்பப் போனால் ஒரு பிளாக்கும், அதாவது டேட்டாவின் ஒரு துண்டும், தேறாது.

பெல்ட்டை மாற்றவும் வழி இருக்கிறது. அலுமினியத் தகட்டின் அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பின்னாளில் தயாரான, நல்ல நிலையில் இருக்கிற, வேண்டாத கார்ட்ரிட்ஜின் பெல்ட்டை எடுத்துப் போடுவதுதான் எனக்குத் தெரிந்து உத்தமம். சரியான அளவில் மெல்லிய பிளாஸ்டிக் பேண்ட் கிடைத்தால் அதையும் போடுகிறார்கள், ஒரு தடவை ஓட்டிப் படித்து முடிக்கிற வரை தாங்கினால் போதும். பழையது ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது, சின்ன ரோலரைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இம்மி இம்மியாகப் பிரிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இந்த டேப்பின் இரண்டு முனைகளும் சுருளோடு ஒட்டப்பட்டிருக்காது, சும்மா சுற்றியே இருக்கும். முனை வரப்போகிறது என்று டிரைவுக்குச் சொல்வது டேப்பில் குத்தியிருக்கும் சின்ன ஓட்டைகள், அவற்றின் வழியே வரும் வெளிச்சத்தை சென்சார் பார்த்து மோட்டாரை நிறுத்தும். சென்சாரில் தூசி படிந்தாலோ, கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் குட்டிக் கண்ணாடி மங்கினாலோ டிரைவ் நிறுத்தாமல் ஓட்டி டேப்பை மொத்தமாக ஒரு சுருளில் இழுத்துவிட்டுவிடும். நம் ஊர் ஆபீஸ்களில் இந்தத் தூசிக்கு வருஷாந்திரக் காரணம் ஒன்று உண்டு. ஆயுத பூஜை அன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் வைப்போம் இல்லையா, வைக்கிற ஆள் தட்டையான இடம் தேடி டேப் டிரைவின் வாய்க்கு மேலேதான் வைப்பார். பக்தி இருக்கட்டும், பொட்டை மானிட்டர் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

8 மிமீ எக்ஸாபைட் டேப்பும் 4 மிமீ டாட் டேப்பும் வேறு ரகம். எக்ஸாபைட்டின் 8200 டிரைவ் 1987இல் வந்தது. கேம்கார்டர் கேசட், சோனியின் வீடியோ இயந்திர அமைப்பு, ஒரு கேசட்டில் 2.3 ஜிபி. 150 எம்பியில் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கனவு. வேகம் விநாடிக்கு 246 கேபி, முழு கேசட் எழுத இரண்டரை மணி நேரத்துக்கு மேல். டாட் வகை 1989இல் வந்தது, 60 மீட்டர் டேப்பில் 1.3 ஜிபி, 90 மீட்டரில் 2 ஜிபி. இரண்டிலும் ஹெட் சாய்வாகச் சுழலும் ஓர் உருளையில் இருக்கும், டேப்பின் குறுக்கே சாய்கோடுகளாக எழுதிக்கொண்டே போகும்.

இதில் வருகிற வினோதமான வியாதி என்னவென்றால், வருஷக்கணக்கில் ஓடிய டிரைவில் அந்தச் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். தான் எழுதியதைத் தானே படிக்கும், வெரிஃபை செய்தால் எல்லாம் சரி என்று சொல்லும். ஒரு நாள் டிரைவ் செத்து, புது டிரைவ் வாங்கிப் போட்டால் பீரோவில் இருக்கிற ஒரு டேப்பையும் அது படிக்காது. பேக்கப் தினமும் நடந்தது, லாக் சுத்தமாக இருந்தது, லேபிள் ஒட்டிய டேப் வரிசையாக அடுக்கியிருந்தது, ஆனால் பேக்கப் இல்லை. இப்படிப்பட்ட டேப்களை இன்று படிக்க வேண்டுமானால், இன்னொரு டிரைவைப் பிரித்து, டேப் வழிகாட்டும் முள்களை இம்மியளவு திருப்பித் திருப்பி அந்தச் செத்த டிரைவின் கோணலுக்கே கொண்டுவர வேண்டும். அலைக்காட்டியோடு உட்கார்ந்து செய்கிற வேலை, எல்லோருக்கும் வராது, எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

ஈரப்பதம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏசி அறையில் இருந்து டேப்பை எடுத்து அப்படியே வெளியே கொண்டுவந்தால் சென்னைக் காற்றில் அது வியர்த்துவிடும். சில டாட் டிரைவ்களில் இதற்கென்றே சென்சார் உண்டு, ஈரம் தெரிந்தால் விளக்கைப் போட்டுக்காட்டி ஓட மறுத்துவிடும். எரிச்சல் வரும், ஆனால் அது சொல்வது சரி, ஈரமான உருளையில் டேப் ஒட்டினால் கிழிந்துதான் வெளியே வரும். நம் ஊரில் கடற்கரை ஓர வீடுகளில் கிடந்த டேப்பில் பூஞ்சையும் பூத்திருக்கும், ஓரங்களில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் முகமூடி போட்டுக்கொண்டு தனியாக வையுங்கள், மற்ற டேப்களோடு சேர்க்க வேண்டாம்.

சரி, டிரைவும் ஓடுகிறது, பெல்ட்டும் மாற்றியாயிற்று. இப்போதுதான் இரண்டாவது பாதி.

முதலில் எழுத விடாமல் பூட்டுங்கள். கால் அங்குல கார்ட்ரிட்ஜின் மூலையில் அம்புக்குறி போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும், சேஃப் என்ற பக்கம் திருப்பிவிட்டால் டிரைவால் எழுத முடியாது. இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். இந்த வகை டிரைவ்கள் முதல் தடத்தில் எழுதும்போது டேப்பின் முழு அகலத்தையும் அழித்துக்கொண்டே போகும். தெரியாமல் குட்டியாக ஒரு ஃபைலை எழுதினாலும் அந்த நீளத்துக்கு எல்லாத் தடமும் காலி. டாட்டில் அப்படி இல்லை, ஆனால் எழுதிய இடத்தில் டேட்டா முடிந்தது என்ற குறியை டிரைவ் போட்டுவிடும், அதைத் தாண்டி பழைய டேட்டா பத்திரமாகவே இருந்தாலும் டிரைவ் அங்கே போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

பேக்கப்பே இப்படித்தான் பல இடங்களில் போயிருக்கிறது. சன்னின் இயங்குதளமான சன்ஓஎஸ்ஸில் ஒரே டிரைவுக்குப் பல பெயர்கள். ஆர்எஸ்டி0 என்றால் ஒரு பதிவு அடர்த்தி, ஆர்எஸ்டி8 என்றால் இன்னொன்று, முன்னால் n என்ற எழுத்தைச் சேர்த்தால் வேலை முடிந்ததும் ரீவைண்ட் ஆகாது. டிஸ்க்கின் ரூட் பார்ட்டிஷனை டம்ப் செய்து, அடுத்து யூஎஸ்ஆர், அடுத்து ஹோம் என்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் அந்த n எழுத்தை விட்டுவிட்டால் ஒவ்வொரு டம்ப்பும் முந்தையதின் தலையிலேயே எழுதும். கடைசியாகப் போனது மட்டும் மிஞ்சும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயிலில் மூன்றுமே வெற்றி என்றுதான் வரும். டேப்பின் லேபிளிலும் மூன்று பெயரும் அழகாக எழுதியிருக்கும். அந்த லேபிளை நம்பி வருகிறவரிடம் உள்ளே ஹோம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லும்போது, நல்லவேளை ஹோமாவது இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

அடர்த்தி விஷயமும் லேசுப்பட்டதல்ல. சன்-3இல் முதல் பெயரைப் பயன்படுத்தினால் க்யூஐசி-11 என்ற பதிவு முறை, இரண்டாவதில் க்யூஐசி-24. பிந்தைய 150 எம்பி டிரைவ்கள் க்யூஐசி-24ஐப் படிக்கும், எழுதாது. பலவற்றுக்கு 11 புரியவே புரியாது. டேப் காலி என்று டிரைவ் சொன்னால் உடனே நம்பாதீர்கள், அது தனக்குப் புரியவில்லை என்பதையும் இப்படித்தான் சொல்லும்.

அப்புறம் பிளாக் அளவு. லினக்ஸில் பழைய டாட் டேப்பைப் படிக்கப் போனால் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று ஒரு பிழை வரும். ரேம் போதவில்லை என்று நினைத்து ரேம் வாங்கப் போனவரை எனக்குத் தெரியும். உண்மையில், டேப்பில் இருக்கும் பிளாக் நாம் கேட்ட அளவைவிடப் பெரியது என்பதுதான் அதற்குப் பொருள். பிளாக் அளவை 0 என்று வைத்து, அதாவது மாறும் அளவு என்று சொல்லி, படிக்கும்போது 256 கேபி மாதிரி தாராளமாகக் கேட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கால் அங்குல டேப்புக்கு இது எதிர்மாறு, அங்கே 512 பைட் என்று நிலையான அளவு வைக்க வேண்டும்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷினில் எழுதிய கால் அங்குல டேப் என்றால் இன்னொரு வேடிக்கை. வழக்கமான பெயரில் எழுதினால் அதன் இயங்குதளமான ஐரிக்ஸ் இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்றி எழுதும். மாற்றாமல் எழுத வேறு பெயர் உண்டு. வேறு மெஷினில் படித்தால், ஃபைல்களைக் கட்டிவைக்கும் டார் கருவி "இது டார் ஃபைலே இல்லை" என்று கைவிரிக்கும், ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் ஜோடி ஜோடியாக எழுத்து மாறிக் கிடப்பது தெரியும். நகலெடுக்கும் டிடி கட்டளையில் ஸ்வாப் (swab) என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது. இதே கம்பெனியின் டாட் டிரைவ்கள் பாட்டு டாட் கேசட்டையும் கம்ப்யூட்டருக்குள் படித்துக் கொடுக்கும், அதற்காகவே இன்றும் அவற்றை ஆட்கள் தேடி வாங்குகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பேக்கப் கருவி. சன்னில் டம்ப், எச்பியில் எஃப்பேக்கப், டிஜிட்டலின் வேக்ஸ்ஸ்டேஷனில் விஎம்எஸ் பேக்கப். எல்லா யூனிக்ஸுக்கும் பொதுவான டார், சிபிஐஓ வடிவத்தில் எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதனால் என் வழி, படிக்கும்போது உள்ளே என்ன என்று ஆராய்வதே இல்லை. ரீவைண்ட் ஆகாத பெயரில் ஒவ்வொரு ஃபைலாக, டேட்டா முடியும் வரை, அப்படியே டிஸ்க்குக்கு இறக்கிவிடுவேன். பழைய கம்ப்யூட்டர்களை மென்பொருளில் ஓட்டிக்காட்டும் சிம்எச் எமுலேட்டர்காரர்களின் டேப் வடிவத்தில் சேமித்தால் பிளாக் எல்லைகளும் கூடவே வந்துவிடும், பின்னால் விஎம்எஸ் மாதிரி ஆசாமிகளுக்கு அது கட்டாயம் வேண்டும். டேப் ஓடுவது ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும். டார் போட்டுப் பட்டியல் பார்ப்பது, அப்புறம் மறுபடி ஓட்டிப் பிரிப்பது, இதெல்லாம் புது டேப்புக்குச் சரி.

மெஷினின் வேகமும் இங்கே கணக்கில் வரும். இந்த டிரைவ்கள் ஓட ஆரம்பித்தால் நிற்காமல் ஓட வேண்டியவை, பல கால் அங்குல டிரைவ்கள் விநாடிக்கு 90 அங்குலம் ஓட்டும். மறுபக்கம் மெஷின் வாங்கிக்கொள்ளத் தாமதித்தால் டிரைவ் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி வேகம் பிடித்து வர வேண்டும். அந்தக் காலத்தில் நெட்வொர்க் வழியாக டம்ப் எடுத்த இரவுகளில் இந்த முன்னும் பின்னும் சத்தம் விடிய விடியக் கேட்கும். புது டேப்பே அதில் தேயும், பழைய பெல்ட் தாங்கவே தாங்காது. எனவே படிக்கும் மெஷினில் வேறு வேலை எதுவும் ஓட விடாதீர்கள்.

டிரைவே கிடைக்காத டேப்புக்கு என்ன செய்வது? 2025இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் நான்காம் பதிப்பு இருந்த 1973ஆம் வருஷத்து டேப் ஒன்று அகப்பட்டது, மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைப் படித்தார்கள். டிரைவின் மின்னணுவியல் சொல்வதை நம்பாமல், ஹெட்டில் இருந்து வரும் அலையை அப்படியே பதிவு செய்துகொண்டு, அதிலிருந்து பிட்களை மென்பொருள் வைத்துப் பிரித்தெடுத்தார்கள். நம் கார்ட்ரிட்ஜ்களுக்கும் கொள்கையளவில் இது முடியும், ஆனால் வீட்டு மேஜையில் செய்கிற காரியம் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டுமானால் ஒரு பழைய பிசி, பிசிஐ ஸ்லாட்டில் டிரைவை இணைக்கும் ஸ்கஸி கார்டான அடாப்டெக் 2940, 50 பின் கேபிள், கேபிளின் கடைசி முனையில் போடும் டெர்மினேட்டர், இவ்வளவு போதும். ஸ்பார்க்ஸ்டேஷனிலேயே படிக்கிறவர்கள் டிரைவ் தெரியவில்லை என்றால் முதலில் மதர்போர்டில் டெர்மினேட்டருக்கு மின்சாரம் போகும் ஃபியூஸைப் பாருங்கள், கேபிளை மெஷின் ஓடும்போதே பிடுங்கிச் சொருகி அதை எரித்தவர்கள் ஏராளம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைகளின் முன்பக்கம் ஸ்கஸி என்று கேட்டால் பையன்கள் முழிப்பார்கள். பழைய சர்வர்களைக் கழித்துப் பிரித்து விற்கிற கடைகளில், வயசான ஆளாகப் பார்த்துக் கேளுங்கள். கார்டும் கேபிளும் கிடைத்துவிடுகின்றன, டெர்மினேட்டருக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.